ஆரியசாலைச் சங்கம் வைத்த வால்

சங்கத்துக் கமிட்டிக் கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. கதவுக்குப் பக்கத்தில், மின்விசிறிக் காற்று எட்டாத இடத்தில். ஆரியசாலை பலசரக்கு மொத்த வியாபாரிகள் சங்கத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் ஒரு பிரதிநிதி வேண்டும் என்று போன போராட்டத்தில் கேட்டு வாங்கினோம். ஓட்டு கிடையாது. டீ உண்டு.

அந்த வியாழக்கிழமை நான் போனது டீக்காக அல்ல. என் மகள் ஷிஜாவின் கல்யாணத்துக்கு ஆவணி இருபதாம் தேதி சங்கத்து மாடி ஹால் வேண்டும். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, பதினைந்து நாள்தான் லீவு. அதற்குள் வருகிற முகூர்த்தம் அது ஒன்றுதான். வெளி மண்டபங்கள் எல்லாம் சித்திரையிலேயே போய்விட்டன. தொழிலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு தடவை ஹால் தரவேண்டும் என்பதும் அதே போராட்டத்தில் வாங்கியதுதான். முன்பு செயலாளர் பிச்சுமணி சாமியின் நோட்டில் பேர் எழுதினால் போதும். அந்த நோட்டில் பென்சிலைவிட ரப்பர் அதிகம் வேலை செய்கிறது என்று புகார் வந்தது. அதனால் இனிமேல் இணையதளத்தில் மட்டும்தான் பதிவு என்று தீர்மானம் போட்டார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆவணித் தேதிகள் திறக்கும். முதலில் தொடுகிறவருக்கு ஹால்.

இணையதளம் செய்து கொடுத்தவள் ஸ்நேகா. கரமனைப் பெண். பிச்சுமணி சாமிக்கு ஏதோ வழியில் சொந்தம். பக்கத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினாள். சங்கத்தின் பேர், ஹாலின் படம், தேதிக் கட்டங்கள் எல்லாம் நன்றாக இருந்தன. தலைவர் குற்றாலலிங்கம் முதலாளி மட்டும் எதையும் பார்க்காமல் மேலே ஒரு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பருப்பு மண்டிக்காரர். சாம்பிளில் ஒரே ஒரு கல் கிடந்தாலும் அதைத்தான் முதலில் எடுப்பார்.

"இதென்னம்மா, அட்ரஸ் முடிஞ்ச பொறவு ஒரு புள்ளி, அதுக்கப்புறம் பி, எச், பி?"

"அது எக்ஸ்டென்ஷன் சார். ஃபைல் பேரோட வால் மாதிரி. பிஎச்பிங்கற மொழியில எழுதியிருக்கு, அதான்."

"மொழியா? நாம தமிழ்லல்லா போடச் சொன்னோம்?"

"வெளிய தெரியறது தமிழ்தான் சார். உள்ள ஓடறது பிஎச்பி. யாராவது பக்கத்தைத் திறந்தா சர்வர் முதல்ல வாலைப் பாக்கும். பிஎச்பின்னு இருந்தா, உள்ள எழுதியிருக்கறதை ஓடவிட்டு, பதிலை மட்டும் வெளிய அனுப்பும்."

எனக்கு இது புரிந்தது. லாரியில் வருகிற மூட்டைமேல் மையில் ஒரு குறி இருக்கும். அந்தக் குறியைப் பார்த்துத்தான் எந்தக் கிட்டங்கிக்குத் தூக்குவது என்று முடிவு செய்கிறோம். உள்ளே மல்லியா மிளகாயா என்று நாங்கள் கேட்பதில்லை. கமிட்டியில் யாருக்கும் மூட்டை தூக்கிப் பழக்கமில்லாததால் பேச்சு வேறு பக்கம் போனது.

"இந்த பிஎச்பி என்ன விலை?" என்றார் தலைவர்.

"விலையில்ல சார். இலவசம்."

சும்மா கிடைத்த ஒன்றைச் சங்கத்தின் பேருக்குப் பின்னால் தொங்கவிடுவதா என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது.

அரிசி மண்டிக்காரர் ஒருவர், நகைக்கடைக்காரர்கள் சங்கத்துக்கு எச்டிஎம்எல் என்று நாலெழுத்து இருக்கிறது, நமக்கு மூன்றா என்று கேட்டார். பிச்சுமணி சாமி, "சர்க்கார் சைட்ல ஏஎஸ்பின்னு பாத்திருக்கேன். அதுல ஒரு கம்பீரம் இருக்கு," என்றார். மிளகாய்க்காரர் எங்கேயோ ஒரு பழைய பக்கத்தில் பிஎச்பி மூன்று என்று பார்த்தாராம். "அவன் மூணு வெச்சிருக்கான். நாம பத்து வெப்போம். எவனும் பக்கத்துல வரமாட்டான்."

"அது வெர்ஷன் நம்பர் சார். வாலிலே நம்பர் வெச்சா, அடுத்த வெர்ஷன் வந்ததும் எல்லாப் பேரையும் மாத்திண்டே இருக்கணும். பின்னே, இப்பல்லாம் ஆரும் வாலே காட்டறதில்ல. எடுத்துடட்டுமா?"

"வாலில்லாமலா?" தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாதியில அறுந்த மாதிரி இருக்குமே. நாளைக்கு எவனாவது, சங்கத்துக்கு வால் வெக்க வக்கில்லன்னு சொல்லுவான்."

ஸ்நேகா இங்கேதான் ஒரு வார்த்தை அதிகம் பேசிவிட்டாள். "வால் என்னவா இருந்தாலும் பரவால்ல சார். சர்வர்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சா, எந்தப் பேர்லயும் ஓடும்."

"எந்தப் பேர்லயுமா?"

"எந்தப் பேர்லயும்."

"அப்போ பருப்புன்னு வெக்கலாமா?"

அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் போனது. பருப்பு என்று வைத்தால் அரிசிக்காரர்கள் சந்தா தரமாட்டார்கள். அரிசி என்று வைத்தால் மிளகாய்க்காரர்கள் தனிச் சங்கம் போவார்கள். புளி, எண்ணெய், சர்க்கரை எல்லாம் பேச்சில் வந்தன. உப்பு வியாபாரி ஒருவர் மட்டும் தன் சரக்கின் பேரைச் சொல்லவில்லை, அவர் தூங்கிவிட்டார். டீ இரண்டு தடவை வந்தது. கடைசியில், எல்லோருக்கும் பொதுவாக 'சங்கம்' என்றே வால் இருக்கட்டும் என்று ஏழு பேர் கைதூக்கினார்கள், ஐந்து பேர் தூக்கவில்லை.

நான் எழுந்தேன். "சாமி, திங்கக்கிழமை பத்து மணிக்கு புக்கிங் தொறக்கும்லா?"

"அதெல்லாம் தன்னால தொறக்கும் வீரபாண்டி. முக்கியமான விஷயம் பேசிண்டிருக்கோம்," என்றார் பிச்சுமணி சாமி.

ஸ்நேகா பையை எடுத்தபடி அவரிடம் சொன்னாள்: "மாமா, சர்வர் கம்பெனிக்கு எழுதிக் கேக்கணும். மூணு நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் பேரை மாத்திடாதீங்கோ. கேட்டோ?"

"கேட்டேன், கேட்டேன்."

பிச்சுமணி சாமி முப்பத்துநாலு வருஷம் சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தவர். கேட்டேன் என்று அங்கே சொன்னால், காதில் விழுந்தது என்று மட்டும்தான் பொருள்.

திங்கட்கிழமை காலை கடையில் அரைமணி நேரம் கேட்டு வாங்கி, மல்லி மூட்டைகள்மேல் உட்கார்ந்தேன். ஷிஜா ஜவுளிக்கடை பில் கவுண்டர் வேலைக்குப் போகும் முன்பே என் போனில் எல்லாம் தயார் செய்து, எதை அமுக்க வேண்டும் என்று மூன்று தடவை சொல்லியிருந்தாள். ஒன்பது ஐம்பதுக்கு என் பெண்டாட்டி மாடம்மாள் போனில் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க, கண்ணாடி போட்டிருக்கீயளா?"

"போட்டிருக்கேன்."

"வெரலைத் தொடைச்சுக்கிடுங்க. மல்லித்தூளோட அமுக்கினா அது எடுக்காது. இருபது கிடைக்கலைன்னா மாப்பிள்ளை வீட்டுல நான் என்ன சொல்லுவேன்?"

"நீ போனை வச்சாத்தான் நான் அமுக்க முடியும்."

பத்து மணிக்கு அமுக்கினேன். ஹால் படம் வரவில்லை. தேதிக் கட்டங்கள் வரவில்லை. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்துகள் கொட்டிக் கிடந்தன. டாலர் குறி, வளைந்த அடைப்பு, ஆங்கிலச் சொல், மறுபடி டாலர் குறி. தெருவில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "வைரஸ்! வைரஸ்! மூடுங்கடே!" எல்லோரும் மூடிவிட்டார்கள்.

நான் மூடவில்லை. நாற்பத்தாறு வயதில், சாட்சரதா எழுத்தறிவு வகுப்பில் சாயங்காலம் உட்கார்ந்து எழுத்துப் படித்தவன் நான். சின்ன வயதிலிருந்து படிக்கிறவர்கள் ஒரு பக்கத்தைப் பார்த்ததும், இது நமக்கு வேண்டும், இது வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தள்ளத் தெரியாது. முதல் எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இருபதாம் தேதி இந்தக் குப்பையில் எங்கேயோ இருக்கிறது என்று நினைத்து விரலை வைத்து நகர்ந்தேன்.

ஆங்கிலத்துக்கு நடுவே அங்கங்கே தமிழ் வரிகள் இருந்தன. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் தமிழில் குறிப்பு வேண்டும், அப்போதுதான் தன்னால் சரிபார்க்க முடியும் என்று ஸ்நேகாவிடம் பிச்சுமணி சாமி கேட்டிருந்தாராம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பாவம், அவள் எழுதியிருந்தாள்.

'ஆவணி 9. தலைவரின் சம்பந்தி வீட்டு நிச்சயம். ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று காட்டவும்.'

'ஆவணி 20. தலைவரின் மச்சினனுக்குத் தேவைப்படலாம். உறுதியில்லை. இருந்தாலும் பதிவாகிவிட்டது என்று காட்டவும்.'

'ஆவணி 27. மாமா சொன்னது. யாருக்கு என்று சொல்லவில்லை.'

அதற்கும் கீழே: 'தொழிலாளி என்று பதிந்தால் எந்தத் தேதியும் காட்ட வேண்டாம். தங்கள் முயற்சிக்கு நன்றி என்று மட்டும் காட்டவும். இது சரியா என்று மாமாவிடம் கேட்க வேண்டும். கேட்டேன். சரியாம்.'

மூட்டைக்குக் குறி போடுகிற மார்க்கரை எடுத்தேன். மிளகாய் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, ஒரு வரி விடாமல் எழுதினேன். இருபது நிமிடம் ஆனது. பிறகு சங்கத்து மாடிக்குப் போனேன்.

மேலே ஸ்நேகா வந்து நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. "மாத்தாதீங்கோன்னு சொன்னேனே மாமா!"

"நான் ஒண்ணும் மாத்தலையே. பேரைத்தான் மாத்தினேன். ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒவ்வொண்ணா மாத்தினேன். தீர்மானம் தீர்மானம்தானே? முப்பத்துநாலு வருஷம் ஃபைலுக்குப் பேர் மாத்தியிருக்கேன். ஒரு தடவைகூட உள்ள இருக்கறது வெளிய வந்ததில்ல."

"இந்தப் புது வாலு சர்வருக்குத் தெரியாது மாமா. தெரியாததனால ஓடவிடாம, உள்ள எழுதினதை அப்படியே எல்லாருக்கும் காட்டிண்டிருக்கு."

"எல்லாருக்குமா?" என்றார் தலைவர்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள். "என்ன வீரபாண்டி, பேசாம நிக்கே? அது வைரஸ். பாக்காதே, போன் கெட்டுரும்."

"போன் கெடலை மொதலாளி. ஆவணி இருபது உங்க மச்சினனுக்கு உறுதியாயிடுச்சான்னு கேக்க வந்தேன்."

தலைவர் பிச்சுமணி சாமியைப் பார்த்தார். பிச்சுமணி சாமி ஸ்நேகாவைப் பார்த்தார். ஸ்நேகா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். நான் அட்டையை நிமிர்த்தி மெதுவாக வாசிக்கத் தொடங்கினேன். எனக்கு வேகமாக வாசிக்க வராது. அதனால் ஒவ்வொரு வரியும் அந்த அறையில் வெகு நேரம் நின்றது. 'சரியாம்' என்று முடித்தபோது தலைவர் கர்ச்சீப்பை எடுத்துவிட்டார்.

"இங்க பாரு வீரபாண்டி. நாங்க இதை வேணும்னேதான் வெளிய விட்டோம். சங்கத்துல ஒளிவு மறைவு இருக்கக்கூடாது பாத்தியா? அதுக்குத்தான் இந்த வாலு."

"ரொம்ப நல்லது மொதலாளி. அப்போ கீழ தெருவுல நின்னு ஒருக்கா வாசிச்சிடுதேன். எல்லாரும் வைரஸ்னு பயந்து மூடிட்டானுவ."

"உக்காரு, உக்காரு. சாமி, இவனுக்கு டீ சொல்லும்."

டீ வருவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். மச்சினனுக்குத் தேவைப்படாது என்று திடீரென்று உறுதியானது. பிச்சுமணி சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருபது உனக்கு. அந்த அட்டையைக் குடுத்துட்டுப் போ," என்றார்.

"மொதல்ல ரசீது சாமி."

ஸ்நேகா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். எல்லாப் பேரையும் பழையபடி பிஎச்பி ஆக்கினாள். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு மாதமாகக் கமிட்டி செய்த வேலையில் உருப்படியானது அந்த இரண்டு நிமிடம்தான். பிறகு இருபதாம் தேதி பற்றிய வரியையும் தொழிலாளி பற்றிய வரியையும் அழித்தாள். என் பேரை அடித்து, இருபதாம் தேதியைத் தொட்டு, ரசீதை பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது மெல்ல, "சாரி அண்ணாச்சி," என்றாள்.

"நீ எழுதி வெச்சதாலதாம்மா கிடைச்சுது," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவளுக்கு அது இன்னும் சங்கடமாகிவிட்டது.

அட்டையைக் கொடுத்தேன். தலைவர் அதை நாலாக மடித்துத் தன் பையில் போட்டார். மிளகாய்த்தூள் அதில் நிறைய இருந்தது. நான் சொல்லவில்லை.

படியிறங்கும்போதே மாடம்மாளைக் கூப்பிட்டேன். "கிடைச்சிட்டு."

"ரசீது வாங்கினீயளா?" என்றாள். வாங்கினேன் என்றேன். நம்பரை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

கீழே லிங்கம் போனைத் தட்டிக்கொண்டு நின்றான். என்னோடு மூட்டை தூக்குகிறவன். தங்கச்சி கல்யாணத்துக்கு அவனுக்கு இருபத்தேழாம் தேதி வேண்டும்.

"அண்ணாச்சி, இப்போ படமெல்லாம் வருது. நல்லா வேலை செய்யுது. ஆனா இருபத்தேழு பதிவாகிவிட்டதுன்னு காட்டுது. இப்பத்தான் தொறந்திருக்கு, அதுக்குள்ள எவன் எடுத்தான்?"

நானும் பார்த்தேன். கட்டங்கள் அழகாக இருந்தன. பச்சை, சிவப்பு. கறுப்பு எழுத்து ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. வால் சரியாகிவிட்டது, இனிமேல் பதில் மட்டும்தான் வரும்.

மேலே அட்டையைத்தான் கேட்டார்கள். வாயை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"யாரும் எடுக்கலடே. அது சாமி சொல்லி வெச்சது. யாருக்குன்னு அவருக்கே தெரியாது. மேல போ. போயி, இருபத்தேழு யாருக்குன்னு மட்டும் கேளு. வேற ஒண்ணும் பேசாதே."

"கேட்டா தருவாவளா?"

"டீ தருவாவ. அதைக் குடிச்சிட்டு, ரசீது வர வரைக்கும் எந்திரிக்காதே."

அவன் படியேறினான். பின்னால் இன்னும் இரண்டு பேர், ஆவணி ஒன்பது யாருக்கு என்று என்னிடம் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.