தள்ளிவிட்ட வெங்காயத்தாமரை

எங்கள் ஊர் வடிகால் வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் மிதக்கும் வெங்காயத்தாமரைக் களை மண்டினால், அவரவர் வயல் எல்லையைத் தாண்டும்வரை மூங்கில் கழியால் தள்ளிவிடுவோம். அப்புறம் அது யாருக்கோ வந்த விருந்து. நானும் பதினைந்து வருஷம் அப்படித்தான் தள்ளினேன். கடலூரில் அரசு அலுவலக வேலை. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் பஸ் பிடித்து வந்து, அரை மணி நேரம் கழி பிடித்துவிட்டு, பெரிய விவசாயி என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த ஐப்பசி மழையில் என் இரண்டு ஏக்கர் சம்பா மூழ்கியது. நட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது. மழை விட்டு மூன்று நாளாகியும் தண்ணீர் வடியவில்லை. இன்னும் இரண்டு நாள் போனால் அழுகிவிடும். மறுபடி நாற்று விடப் பருவமும் இல்லை. மேல்வயல்காரர் சபாபதி போனில் சொன்னார்: "இளவரசு மச்சான், கீழ மதகாண்ட யாரோ அடச்சிட்டாங்க. மீன் புடிக்கறவங்க வேலையாத்தான் இருக்கும்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். லீவு போட்டுவிட்டு வண்டியை நேரே மதகுக்கு விட்டேன். மதகின் வாயில், மேலே ஆள் நடக்கலாம் போல வெங்காயத்தாமரை இறுகிக் கிடந்தது. பக்கத்துக் கூரை வீட்டு வாசலில், வலது கையில் மாவுக்கட்டோடு ஐம்பது சொச்சம் வயதுப் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"மதக யாரும்மா அடச்சது?" என்றேன், சண்டைக்குத் தயாராக.

"யாரும் அடைக்கல சார். மேல தள்ளி வுடறது பூரா இங்கதான வந்து நிக்கும். வருசா வருசம் நான் இழுத்துக் கரையில போட்டுடுவேன். இந்த வருசம் வழுக்கி வுழுந்து கை ஒடஞ்சி போச்சி."

அவர் பெயர் செல்லாயி. அவருக்கு எந்த வயல் என்று கேட்டேன்.

"எனக்கேது சார் வயலு? நடவுக்குப் போறவ நானு."

"அப்பறம் ஏன் இழுத்துப் போடறீங்க?"

"ஒங்கள எனக்குத் தெரியும், கடலூரு ஆபீஸ்காரரு. ஒங்க ரெண்டு ஏக்கரும் எங்க செட்டு நட்டதுதான். கையால நட்டுட்டு, அது முழுவறத எப்டி சார் பாத்துக்கினு இருக்கறது?"

நடவு நாளில் நான் கடலூரில் ஃபைல் பார்த்துக்கொண்டிருப்பேன். நட்டது யார் என்று ஒரு வருஷம்கூடக் கேட்டதில்லை. விளைந்ததற்கு மழையைக் கும்பிட்டேன், சாமியைக் கும்பிட்டேன். வெட்கமாக இருந்தது.

சபாபதிக்குப் போன் போட்டேன். "அடச்சது நாமதான் மச்சான். எல்லாரையும் இட்டுக்கினு வா."

பதினோரு பேர் வந்தார்கள். பழக்கம் விடுமா? வந்ததும் கழியை ஊன்றி, மதகுக்கு அந்தப் பக்கம் தள்ளத் தொடங்கினார்கள். செல்லாயி கரையிலிருந்து சத்தம் போட்டார்.

"தள்ளாதீங்க. அந்தாண்டயும் ஊரு இருக்கு. இழுத்துக் கரையத் தாண்டிப் போடுங்க. ஒரு துண்டு தண்ணியில கெடந்தாலும் மறுபடி மண்டிடும்."

பேண்ட்டை மடித்துக்கொண்டு நானும் இறங்கினேன். பொழுது சாய்வதற்குள் மதகு வாய் திறந்து, தண்ணீர் இரைந்து ஓடியது.

மறுநாள் காலை பயிரின் நுனிகள் தெரிந்தன. செல்லாயி வந்து, இடது கையால் ஒரு பயிரை உருவி வேரைப் பார்த்தார். "பொழச்சிக்கும்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெறும் நன்றி என்றால் ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கும். "அக்கா, இத்தன வருசம் எங்க வூட்டுல பொங்குன சோறு ஒங்களாலதான். எனக்குத் தெரியாமப் போச்சி."

அவர் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கங்க அழுவிப் போச்சி தம்பி. அடசலா இருக்கற எடத்துல கலைச்சிக் குடு, நான் ஊனறேன்."

சேற்றில் இறங்கி, நெருக்கமாக நின்ற பயிரைப் பிடுங்கி, இரண்டு இரண்டாகப் பிரித்து அவர் இடது கையில் கொடுத்தேன். அவர் குனிந்து ஊன்றினார். என் நிலத்தில் நடவு நடப்பதை அன்றுதான் பார்த்தேன்.