முள்ளுக்கு இருந்த சொரணை

அந்த முள் ஆட ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நின்றால் கால் தரிக்கவில்லை.

எங்கள் பட்டறையில் செம்புத் தகடுகளை அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுவோம். மேல்தோல் மெல்லிசாகக் கரைந்து, தகடு முகம் பார்க்கும் கண்ணாடியாக வெளியே வரும். அதுவரை மின்சாரத்தின் அளவைக் காட்டும் மீட்டர் முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பத்து நாளாக அது நிற்கவில்லை. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். தகடெல்லாம் வரிவரியாகக் கோடு.

தொட்டிக்குப் புதிதாக வயரிங் செய்தவர் என் தங்கை வீட்டுக்காரர். வேறு என்ன வேண்டும் எனக்கு? ஆட்கள் எல்லோருக்கும் முன்னால் கத்தினேன்: "சூடு சொரணை இருந்தா இனிமே இந்தப் பக்கம் வராதீங்க மாப்ள!"

அவர் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாளே வேறு ஊரில் ஒரு வேலைக்குச் சம்மதித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமை கிளம்புகிறார்கள். தங்கை என் போனை எடுக்கவே இல்லை. கூடப் பிறந்தவள் என்று எனக்கு இருப்பவள் அவள் ஒருத்தி. அவளும் போய்விட்டால் நான் உரிமையோடு யாரிடம் சண்டை போடுவேன்?

புதன்கிழமை வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இணைப்பு இணைப்பாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வயரிங்ல ஒரு குறையும் இல்லீங்க. செஞ்சவர் நல்ல வேலைக்காரர்" என்றார். அந்த எலக்ட்ரீஷியன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

என் மனைவிதான் தகடுகளைத் துடைத்து விளக்கடியில் பார்ப்பவள். வியாழக்கிழமை விடிந்ததும் இரண்டு தகடுகளை நீட்டினாள். "நேத்து காலையில போட்டதுல கோடு அகலமா இருக்கு. மத்தியானம் போட்டதுல நெருக்கமா இருக்கு. முள்ளுக்குக்கூட வெயில் உறைக்குது போல."

கடிகாரம் பார்த்து எண்ணினேன். காலையில் அமிலம் இருபத்திரண்டு டிகிரி, முள் நிமிடத்துக்கு ஒன்பது ஆட்டம். மத்தியானம் முப்பத்தொரு டிகிரி, பதினாறு ஆட்டம். சூட்டில் கூடுவது குளிரில் அடங்கத்தானே வேண்டும்? ஐஸ் கட்டிகளைப் பையில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினேன். ஆட்டம் நிமிடத்துக்கு நாலாகக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆத்திரத்தில், அமிலத்தைச் சூடாக வைக்கும் ஹீட்டரின் குமிழைப் பிடித்து ஒரு திருகு திருகினேன். அது அடிமட்டத்தில் இருந்தது கைக்குத் தெரிந்தபோதுதான் நினைவு வந்தது. வயரிங் நடந்த அன்று, அமில நெடி தாங்காமல் இருமி இருமி, அதைக் குறைத்தவன் நானேதான். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு எனக்கே மறந்துபோனது.

குமிழை மேலே ஏற்றினேன்; சூடு ஏற ஏற முள் பேய் பிடித்ததுபோல் துடித்தது. முப்பத்தைந்து. நாற்பது. நாற்பத்தைந்தைத் தொட்டதும் துடிப்பு சிறுத்து, அப்படியே நின்றது. வெளியே எடுத்த தகட்டில் ஒரு கோடு இல்லை. அதில் தெரிந்த என் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

தங்கை வீட்டுக்கு ஓடினேன். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். மாப்பிள்ளை ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னோடது மாப்ள. ஹீட்டரைக் குறைச்சது நான்தான். இன்னிக்கு ஏத்தினதும் முள்ளு நின்னுடுச்சு. உங்க வயரிங்ல ஒண்ணுமே இல்ல. சொரணை கெட்டுப் பேசினது நான்."

தங்கை உள்ளேயிருந்து வந்தாள். "வயரிங் நல்லா இருக்குன்னு உனக்கு எப்போ தெரியும், அண்ணே?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "புதன்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி."

தங்கை ஒரு பெட்டியின் மூடியை மடித்துச் சாத்தினாள்.

"முள்ளு நின்னதால வந்திருக்கே. நின்னிருக்கலைன்னா வந்திருக்க மாட்டே."

மாப்பிள்ளை நிமிராமலே சொன்னார்: "இந்த முடிச்சு மேல விரலை வைங்க மச்சான். வழுக்குது."

வைத்தேன். அவர் கயிற்றை இழுத்தார்.

"விரலை ஆட்டாதீங்க."

நான் ஆட்டவில்லை. அது தானாக ஆடியது.