காரீய உலை

விடியும்போதே தீவின் ஜங்லிகாட் பகுதிக் கொட்டகையில் உலை கனன்றுகொண்டிருந்தது. மங்கையர்க்கரசி பழைய பேட்டரிகளைப் பிளந்து, உள்ளிருந்த தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டாள். உருகியதும் கசடை ஒதுக்கினாள். அடியில் வெள்ளிபோல் மின்னியது, காற்றுப் பட்டதும் கறுத்தது. அதை அச்சில் ஊற்றினால் மீன்வலைக்குக் கட்டும் குண்டு.

"கார்னா கறுப்பு. கறுத்த ஈயம், அதான் காரீயம். நகத்தால கீறலாம், அவ்ளோ மெது" என்று எதிர்ச்சட்டியில் வேலை பார்த்த மணியன் சொல்வான். போன மாதம் அங்கேயே வலிப்பு வந்து விழுந்து செத்தான். அதற்கு முன்பே அவன் கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது, ஈறில் நீலக்கோடு. காரீயம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர்.

இன்றும் புகைக்கு அப்பால் அவன் நிற்பதாகவே அவளுக்குத் தோன்றியது. ஆளில்லாத சட்டியில் கரண்டி உரசியது. திரும்பிப் பார்க்கப் பயம்.

அவள் கரண்டி நழுவியது. உருகிய காரீயம் காலுக்கு ஒரு சாண் தள்ளிச் சிதறியது. குனிந்தவளின் வலக்கை மணிக்கட்டோடு தொங்கியது.

"அக்கா, வாயத் தொற" என்றாள் ஓடிவந்த ஷோபா. அக்காவின் ஈறில் நீலக்கோடு. போன் கேமராவில் தன் ஈறையும் பார்த்தாள். அங்கேயும் நீலம்.

முதலாளி ஜெகநாதன் உள்ளே வந்தார்.

"க்யா ஹுவா? காம் ஏன் பந்த்? வேலை ஏன் நிக்குது?"

"சார், மணியன் அங்கயே நிக்கிறான்" என்றாள் மங்கையர்க்கரசி.

"செத்தவன் ட்யூட்டிக்கு வருவானா? வெல்லம் தின்னு, புகை விஷம் எறங்கி சரியாப்போகும். இஷ்டமில்லேன்னா போ. மெயின்லேண்ட்லேர்ந்து ஆள் எறக்கிக்கிறேன்."

"அவங்களுக்கும் கை இருக்கும்ல, சார்?" என்றாள் அவள், தொங்கும் கையைத் தூக்கிக் காட்டி.

மங்கையர்க்கரசி இடக்கையால் எரியும் விறகை இழுத்து மண்ணைத் தள்ளினாள். பக்கத்து அடுப்பை ஷோபா அணைத்தாள், அடுத்ததைக் குணா. கொட்டகையில் வேலை செய்த எட்டுப் பேரும் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள்.

"யாருக்கு டெஸ்ட்?" என்றாள் நர்ஸ்.

"எல்லாருக்கும். ரத்தத்துல காரீயம் இருக்கான்னு பாக்கணும். ரிப்போர்ட்டோட லேபர் ஆபீஸ் போறோம்" என்றாள் மங்கையர்க்கரசி.

வாசலில் ஜெகநாதனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹாரன் அடித்தார். பெஞ்சிலிருந்து யாரும் எழவில்லை.

மங்கையர்க்கரசி கையை நீட்டினாள். விரல்கள் நிமிரவில்லை. ஷோபா தன் உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தாங்கினாள்.

"குத்துங்க சிஸ்டர்."