வழுக்கிய பாட்டில்

1

இந்தக் கதை ஒரு வீடியோவிலிருந்து வந்தது. எழுத உட்கார்ந்தவன், எழுதாமல் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தேன். எழுத்தாளர்கள் இதை ஆய்வு என்போம்.

வீடியோவில் மலைச்சாலை. சைக்கிள் பந்தய வீரன் ஒருவன் மூச்சுத் திணற மிதிக்கிறான். பக்கத்தில் வரும் காரிலிருந்து அவன் அணியின் மேனேஜர் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். இங்கே ஒரு தொழில் ரகசியம்: கொடுப்பவரும் உடனே விடமாட்டார், வாங்குபவனும் உடனே வாங்கமாட்டான். இருவரும் பாட்டிலைப் பிடித்தபடி இருக்க, கார் அவனைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகும். விதிப்படி தப்பு, எல்லோரும் செய்வது. இவன் தொட்டதும் விட்டுவிட்டான். பாட்டில் உருண்டது. மேனேஜர் பாதி உடம்போடு ஜன்னலில் தொங்கினார்.

மறுநாள் இணையத்தில் அவன் 'நேர்மை அண்ணன்'. லட்சக்கணக்கில் இதயங்கள். அதில் ஒன்று நான் அழுத்தியது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

சிறு வயதிலிருந்தே அவனுக்குப் பொய் என்றால்

(வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.)

நேர்மையான ஆளை வைத்துக்கொண்டு கதாசிரியன் என்ன செய்வது? ஆகவே அவன் கையில் தாராளமாக சன்ஸ்கிரீன் தடவினேன்.* வழுக்கிவிட்டது, அவ்வளவுதான். இது அவனுக்கும் அவன் அக்காவுக்கும் மட்டுமே தெரியும். அக்காவுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. அவனுக்கு வரும் செய்திகளைப் படிப்பவளும் அவள்தான்.

"டேய், உன்ன சாமி மாதிரி கும்பிடுறாங்கடா," என்றாள் போனில்.

"சிரிக்காதக்கா."

"கேரம்போர்டுல காய ஒளிச்சு வச்சவன் நீ. சிரிக்காம என்ன பண்றது?"

"கை வழுக்கிடுச்சுன்னு போட்டுடவா?"

நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி எழுதியதை அக்கா படித்துக் காட்டினாள்: "உங்க வீடியோ பாத்துட்டு பரீட்சையில பக்கத்துப் பேப்பரப் பாக்கலண்ணா. ஃபெயில். பரவால்லண்ணா, நிம்மதியா தூங்குனேன்."

பிறகு கேட்டாள்: "இவகிட்ட போய் என்னன்னுடா சொல்லுவ?"

அவன் எதுவும் போடவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. அவன் இடத்தில் நான் இருந்தாலும் போட்டிருக்கமாட்டேன்.

* வியர்வையே போதுமே என்றாள் என் மனைவி. வியர்வைக்கு வழுக்குமென்றால் அந்தப் பந்தயத்தில் எல்லோருமே நேர்மை அண்ணன்கள்தான்.

3

(மேனேஜரை வில்லனாக்கிப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். எடுபடவில்லை. அன்று ஜன்னலில் இடித்த தோள் அவருக்கு இன்னும் வலிக்கிறது. அதே கையால்தான் மறுபடியும் நீட்டப்போகிறார்.)

4

ஆண்டின் கடைசிப் பந்தயம். அவன் ஒப்பந்தமும் முடிகிறது. உச்சியைக் குறித்த நேரத்துக்குள் தொட்டால்தான் அடுத்த ஆண்டு அணியில் இடம். அவனோ பின்தங்கிவிட்டான், கால் சொன்னபடி கேட்கவில்லை. கார் பக்கத்தில் வந்தது. பாட்டில் நீண்டது.

"கெட்டியா பிடிச்சுக்கடா. கேமரா வண்டி முன்னாடி போயிடுச்சு. ஒருத்தரும் பாக்கல."

முடிவு ஒன்று: பிடித்தான். உச்சியைத் தொட்டான். அன்று மாலை அந்த நர்சிங் பெண் அனுப்பிய வாழ்த்தை அவனால்

முடிவு இரண்டு: விட்டான். அடுத்த ஆண்டு, வீட்டுச் சோபாவில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பந்தயத்தை டிவியில்

இரண்டும் நன்றாகவே வந்தன; என் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டிலும் முடிவெடுத்தவன் நான், அவனில்லை. அதனால் அடித்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் அடிக்க மனம் வரவில்லை. பாட்டிலைத் தொடுவதற்கு முன், அவன் கையைச் சட்டையில் அழுந்தத் துடைத்துக்கொண்டான். இழுபடும்போது பிடி நழுவக்கூடாது என்றா? அல்லது, இந்த முறை விட்டால் தானே விட்டதாக இருக்கட்டும் என்றா?

ஒருத்தரும் பார்க்கவில்லை என்கிறார் மேனேஜர். நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள். நீங்களே சொல்லுங்கள், எதற்குத் துடைத்தான்?