பின்சீட்டுத் தாம்பாளம்

...யார் வீட்டுப் பெண்ணுக்கு அது, பின்சீட்டில் ஈரத்துண்டு போட்டு மூடியிருக்கும் தாம்பாளம், துண்டுக்கு வெளியே வாழைப்பழச் சீப்பும் கதம்பமும் எட்டிப் பார்க்கின்றன, பெண் பார்க்கப் போகிற தாம்பாளமேதான், தவசி அம்பாசடரின் முன்கண்ணாடி மேல் பழந்துணியை விரித்துக்கொண்டே மறுபடியும் உள்ளே பார்த்தான். "கம்பம் வரைக்கும் போகணும் மாப்ள, அங்கிட்டுப் பேய்மழையாம், ரெண்டு வைப்பரையும் கழத்திப் புதுசு மாட்டி விடு" என்று சொன்னதோடு சரி, நல்லகாமன் செல்லூர் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டான், தாம்பாளத்தைப் பற்றி ஒரு பேச்சில்லை. பெண்டாட்டி இருளாயியின் கூடப்பிறந்த அண்ணன், மகள் முத்துத்தாய்க்குக் காது குத்தியபோது மடியில் உட்காரவைத்துக்கொண்டு, இவ என் மகன் கருத்தக்கண்ணனுக்குத்தான் என்று சொந்தபந்தம் முன்னால் சொன்ன தாய்மாமன், இப்போது மகனுக்குக் கம்பத்தில் பார்க்கிறானோ, அதற்கு நானே வண்டியைச் சரிபண்ணி அனுப்பி வைக்கணுமோ...

பழைய வைப்பரின் ஆர்ம் அசையவில்லை, துருவேறி அச்சோடு அச்சாக ஒட்டிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டான், கட்டையால் மெல்லத் தட்டினான், அடியில் இரண்டு பக்கமும் திருப்புளி கொடுத்து நெம்பினான், கண்ணாடி விரிசல் விட்டால் விடட்டுமே, உடைந்த கண்ணாடியோடு யார் பெண் பார்க்கப் போவார்கள்... சீ, என்ன நினைப்பு இது. கேட்டுவிட்டால் என்ன? கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? இருளாயியிடம் எந்த வாயால் சொல்வது, அவள் அண்ணனை ஏசுவாளா, என்னை ஏசுவாளா? வெடுக்கென்று ஆர்ம் கையோடு வந்தது, மற்றதும் வந்தது, புதுசு இரண்டையும் அச்சில் வைத்து உள்ளங்கையால் அடித்து இறக்கினான், போடுங்க மச்சான் என்றான், நல்லகாமன் சுவிட்சைத் தட்டியதும் வைப்பர் இரண்டும் பானட்டில் போய்ப் போய் முட்டின.

"என்ன மாப்ள, ஒன் வைப்பரு பானட்டுக்குக் கும்பிடு போடுது?"

பேட்டரி மிச்சம் என்று வைப்பர் பாதியில் நிற்கும்போதே சாவியை அணைத்துவிடுவது இந்த வாடகைக்கார் டிரைவர்கள் வழக்கம், கழற்றுமுன் ஓடவிட்டு அதன் இடத்தில் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுசு இப்படித்தான் இடம் மாறி முட்டும், இதைப் போய் மறப்பானா ஒருத்தன்? ஓடவிட்டுப் படுக்கவைத்து, மறுபடி நெம்புகையில் வாய் தானாகத் திறந்துகொண்டது. "தட்டு யாருக்கு மச்சான்?"

"அதுவா? சவாரிக்காரக வாங்கிட்டு வரச் சொன்னது, காளவாசல்ல அவுகள ஏத்தணும்." நல்லகாமன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வெடித்துச் சிரித்தான். "அட கூறுகெட்டவனே, இதுக்குத்தான் மூஞ்சி இப்பிடித் தொங்குதா? கம்பத்துல பொண்ணு பாத்தம்னா என் வீட்டுல இருக்குற ஒன் தங்கச்சி என்னைய வெளக்கமாத்தாலயே சாத்திருவா. தை பொறக்கட்டும், ஒன் வீட்டுக்குத் தட்டோட வாரேன்யா."

கார் போய்விட்டது, நெஞ்சில் கிடந்தது இறங்கணுமே, ஏன் இறங்கவில்லை... துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான், துடைத்த இடத்தையே துடைத்தான். தை என்றதும் இருளாயி சிரிப்பது தெரிந்தது, சொந்தபந்தம் முன்னால் தான் நிமிர்ந்து நடப்பது தெரிந்தது, முத்துத்தாய் முகம் மட்டும் பிடிபடவில்லை, கருத்தக்கண்ணன் பேச்சு வரும்போதெல்லாம் அவள் வெட்கப்பட்டாளா, எழுந்து போனாளா, ஒரே வீட்டில்தானே இருக்கிறோம், எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை, பார்த்திருந்தால்தானே வரும்...