எதிரே உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவள்

1

இந்தக் கதையை எழுதமாட்டேன் என்று நான் தலையாட்டிய அடுத்த நிமிடமே இது பிறந்துவிட்டது. பிறந்த இடம் எங்கள் வீட்டுச் சமையலறை. சொன்னவள் என் நாத்தனார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுப்பவள். இன்று மதியம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "இதைப் போய்க் கதையா எழுதிடாதீங்க அண்ணி, மானம் போயிடும்" என்றாள். தலை ஆடிக்கொண்டிருக்கும்போதே என் மனதில் முதல் வரி ஓடிற்று. வெட்கங்கெட்ட பிழைப்புதான்.

அந்த முதல் வரி: "மழை விட்ட ஒரு காலையில், வெண்ணிற நூல்கள்

வேண்டாம். மழையே பெய்யவில்லை. நூலும் பழுப்பு.

2

நேராகவே சொல்கிறேன். நூலகத்தின் மாடியில் ஓர் அறை. ஆளுக்கொரு கெட்டித் தலையணை. அதன்மேல் புள்ளி குத்திய அட்டை, அட்டைமேல் குண்டூசிகள், ஊசிகளிலிருந்து தொங்கும் நூல்கள். ஒவ்வொரு நூலின் நுனியிலும் விரல் நீளத்துக்கு ஒரு மரக்குச்சி; பாபின் என்பார்கள். குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்று தாண்டவைத்து, முறுக்கி, ஊசி குத்தி, மறுபடி தாண்டவைத்தால் லேஸ் வளரும்.*

(* இதுவும் நாத்தனார் சொல்லித் தெரிந்ததுதான். எனக்கு ஊசியில் நூல் கோப்பதே பெரும்பாடு.)

டீச்சருக்கு வலது கைப் பழக்கம். (நாத்தனாரை இனி டீச்சர் என்றே சொல்கிறேன். அப்படிச் சொன்னால் உறுத்தல் கொஞ்சம் குறைகிறது.) இடதுகைக்காரர்கள் புதிதாகச் சேர்ந்தால் அவள் பக்கத்தில் உட்காரமாட்டாள், நேர் எதிரே உட்காருவாள். கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பாருங்கள், என் வலது கை செய்வதை உங்கள் இடது கை செய்யட்டும் என்பாள். தாண்டும் திசை மாறும், முறுக்கு எதிர்ப்பக்கம் சாயும். லேஸ் லேஸாகத்தான் வரும். தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

அப்படிக் கற்றவள்தான் மருந்துக்கடைக்காரம்மா. ஐம்பதைத் தாண்டியவள், டீச்சரைவிட ரொம்ப மூத்தவள். அவளுக்கு ஓர் அக்கா உண்டு. கெட்டவள் இல்லை, கைவேகக்காரி. தங்கை இடது கையால் பட்டன் தைத்தாலும் பழம் நறுக்கினாலும், "குடு, நான் பண்றேன்" என்று வாங்கிக்கொள்வாள். பிறந்ததிலிருந்து இதே கதை. அந்த அக்கா வெளியூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். முழுக்கத் தன் கையாலேயே பின்னிய லேஸ் வைத்து ஒரு கைக்குட்டை அவளிடம் நீட்டவேண்டும். வகுப்பில் சேர்ந்ததே அதற்குத்தான் என்று முதல் நாளே டீச்சரிடம் சொல்லியிருந்தாள்.

3

போன வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு டீச்சர் தலையணைகளை அலமாரியில் அடுக்கினாள். மருந்துக்கடைக்காரம்மாவின் பின்னல் ஓரிடத்தில் தொளதொளவென்று கிடந்தது. குச்சிகள் ஜோடி மாறி ஓட்டை விழுந்திருந்தது. பாவம், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாதே என்று தோன்றிற்று. உட்கார்ந்து பிரித்தாள். சரியாகப் பின்னினாள். கை நிற்காமல் இன்னும் கொஞ்ச தூரம் போட்டும் வைத்தாள். உதவி செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள், நான்தான் பரிமாறினேன்.

எதிரே உட்காராமல் அந்தம்மாவின் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. அவள் போட்ட முறுக்கெல்லாம் மற்றப் பக்கம் சாய்ந்திருந்தது.

4

இன்று காலை வகுப்பில் மருந்துக்கடைக்காரம்மா தலையணையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பின்னலை விரலால் தடவினாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"டீச்சர், இதுல நீங்க கை வச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சுற்றிலும் ஆட்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். "இல்லையேம்மா" என்று டீச்சரின் வாயில் வந்துவிட்டது.

"அப்ப நான்தான் திசை மாத்திப் போட்டிருக்கேன். நல்லா வந்துட்டிருக்குன்னு நெனச்சேன்."

ஊசிகளை உருவிப் பிரிக்க ஆரம்பித்தாள். டீச்சர் போட்ட இடத்தோடு நிற்கவில்லை. தன் கைமேல் இருந்த நம்பிக்கை போய்விட்டதால், தானே சரியாகப் போட்டிருந்ததையும் பிரித்துக்கொண்டே போனாள். டீச்சர் அடுத்தவரின் தலையணையில் இல்லாத தவறைத் தேடுவதுபோலக் குனிந்து நின்றாள். காது மடல் சுட்டது. போகும்போது அந்தம்மா சிரித்துக்கொண்டே, "எங்க அக்கா சொல்றது சரிதான் போல. என் கைக்கு இதெல்லாம் வராது" என்றாள்.

(இந்த இடத்தில் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். முதல் வரைவில் அவள் டீச்சரின் தோளைத் தொட்டு, "எனக்கு அப்பவே தெரியும் டீச்சர்" என்றாள். அடித்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது. டீச்சரை நம்பினாள், அவ்வளவுதான். தெரிந்தே பொறுத்துக்கொண்டாள் என்று எழுதினால் டீச்சருக்கும் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.)

5

முடிவுகள்.

(அ) ஞாயிற்றுக்கிழமை அக்கா வருகிறாள். தங்கை பழம் நறுக்குவதைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கையை நீட்டாமல் — இல்லை, இது அழவைக்கிற வேலை.

(ஆ) அக்காவும் பிறவியில் இடதுகைக்காரிதான் என்று — சீ.

(இ) டீச்சர் போய் உண்மையைச் சொல்கிறாள்.

6

(இ)யில்தான் வம்பு. சமையலறையில் நாத்தனார் கடைசியாக ஒன்று கேட்டாள்.

"அண்ணி, இன்னிக்கே மருந்துக்கடைக்குப் போய்ச் சொல்லிடவா? இன்னும் நாள் இருக்கு. நான் எதிர்ல உக்காந்தா அவங்களே முடிச்சிடுவாங்க."

"கொஞ்சம் பொறு, அவசரப்படாதே" என்றேன் நான்.

பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பெண். தன் அறைக்குப் போய்விட்டாள்.

அவள் மானத்தைக் காப்பாற்ற நான் அப்படிச் சொல்லவில்லை. அவள் போய்ச் சொல்லிவிட்டால் என் கதை சப்பென்று முடிந்துவிடும். ஒரு நல்ல கடைசி வரிக்காக, தன் கை ஆகாத கை என்று ஒருத்தியை நம்பவிட்டு, இங்கே உட்கார்ந்து (அ), (ஆ) போட்டுக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது என்று எழுதியதும் பத்தி நன்றாக வந்திருக்கிறதே என்று தோன்றுகிறது பாருங்கள், அதற்கும் சேர்த்து வெட்கமாக இருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் நடமாடும் சத்தம் கேட்கிறது. மருந்துக்கடையை ஏழு மணிக்கு மூடுவார்கள். இப்போது ஆறேகால். ஒரே ஒரு வரி எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்று சொல்லிச் சொல்லி இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். நீங்கள் படிக்கிற ஒவ்வொரு வரியும் நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த வரி. முடிவு வேண்டுமானால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் போய் அவள் கதவைத் தட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பு என்று