அப்பாதுரையின் வலது கால்

ஐம்பத்தெட்டாம் வருஷம். பெரிய வியாழக்கிழமை, ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் குனிந்து கால் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் என் வீட்டுக்காரர் அப்பாதுரை பெயரையும் கோயிலில் வாசித்துவிட்டார்கள். எங்கள் ஜீவனஹள்ளியில் ஒரு கூத்து உண்டு. கோயிலில் கழுவப்போகிற காலை முதலில் வீட்டில் தேய்த்துக் கழுவியாக வேண்டும். அழுக்குக் காலை நீட்டினால் பெண்டாட்டிக்குத்தான் மானம் போகும்.

மத்தியானம் அவரை முக்காலியில் உட்காரவைத்து, "மில்லுக்கு வெறுங்காலோட போய் எப்படி வெச்சிருக்கீங்க பாருங்க, எருமைக் கால்மாதிரி!" என்று திட்டிக்கொண்டே வெந்நீரை மொண்டு வலது காலில் ஊற்றினேன். தெறித்ததில் என் கை சுட்டது. ஐயையோ, திட்டுகிற வேகத்தில் பச்சைத் தண்ணீர் விளாவவே இல்லை! அவர் காலை இழுக்கவில்லை. "என்னாச்சுடி?" என்று என்னைத்தான் கேட்டார்.

புறங்காலில் வெளுத்திருந்த தேமலை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். நகத்தால் அழுத்தினேன். தெரியவில்லை என்றார். அந்த நோயின் பெயரை இருவரும் சொல்லவில்லை.

"போகாதீங்க. ஜுரம்னு சொல்லிடறேன். மில்லுல தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாங்க. வீட்டு ஓனர் சாமானைத் தூக்கித் தெருவுல எறிவான்."

"பேரு வாசிச்சிட்டாங்க, பெர்னதெத்து. பாஸ்குத் திருநாள் முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஆண்டவர் கைவிட மாட்டாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் செம்பை நங்கென்று தரையில் வைத்தேன்.

சாயங்காலப் பூசையில் ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. முக்காடு சரிந்தது, இழுத்துவிட்டேன், மறுபடி சரிந்தது. ஏழாவது ஆள். எட்டாவது ஆள். கொப்புளம் இந்நேரம் எழும்பியிருக்கும். ஓடிப்போய் அவரை இழுத்து வந்துவிடலாமா என்று பரபரத்தது. போன மாதம் அந்த நோயாளி ஒருவர் கையேந்தியபோது எட்ட நின்று காசை வீசியது வேறு ஞாபகம் வந்து தொலைத்தது. விரலில்லாத கையால் அந்த மனுஷர் அதை மண்ணில் தேடினார். நான் நின்று பார்க்கக்கூட இல்லை.

என் வீட்டுக்காரர் முறை வந்தது. சாமியார் காலைக் கழுவிவிட்டுத் துண்டுக்குக் கை நீட்டினார். துண்டு ஏந்திய உபதேசியார் காலைப் பார்த்து ஓரடி பின்வாங்கியிருந்தார். பெஞ்சில் பக்கத்திலிருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். சாமியார் தன் இடுப்பில் கட்டியிருந்த துணியாலேயே கொப்புளம் உடையாமல் ஒற்றி எடுத்தார். பிறகு நன்றாகக் குனிந்து அந்தத் தேமல் மேலேயே உதட்டைப் பதித்து முத்தி செய்தார். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

வெளியே வந்ததும் எல்லோரும் எங்களைச் சுற்றி இடம்விட்டு நின்றார்கள். தெருவில் கைகோத்து நடக்கிற வழக்கமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மெல்லக் கேட்டார். "கண்ணை மூடிக்கிட்டேன், பெர்னதெத்து. சாமி முத்தி செஞ்சாரா? எனக்கு ஒண்ணுமே தெரியல."

"செஞ்சாருங்க! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.